பத்தொன்பது சாமான், ஒரு தீக்குச்சி

என் தம்பி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் வந்த காய்ச்சலில், விடியட்டும் பார்க்கலாம் என்று டாக்டரே கையை விரித்துவிட்டார். விடிந்ததும் இவன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று அழுதான். பெண் தர மாட்டேன் என்று இரண்டு தடவை கதவைச் சாத்திய மாமனாரிடம் மூன்றாவது தடவையும் போனான். அவர் வீட்டு வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சு உள்ளே உப்பியிருக்கிறது, மழைக்கு விழும் என்றான். மழைக்கு விழுந்தது. சுவரையும் பூசிக் கொடுத்து, பெண்ணையும் கட்டிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரி வைத்த போட்டியில், பூசணிக்காயைத் தூக்காமலே விரலால் தட்டி எடை சொல்லி ஒரு பிளாஸ்டிக் வாளி ஜெயித்தான். அந்த நீல வாளி இப்போதும் என்னிடம் இருக்கிறது, பிடியை மட்டும் மாற்றியிருக்கிறேன். இரண்டாம் மாடியில் சுவர் பூசும்போது மூங்கில் சாரத்திலிருந்து விழுந்து, இனிமேல் கோல் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்று எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு, எட்டாவது மாதம் வெறுங்கையை வீசி நடந்து போய் அந்தக் கோலைத் திருப்பிக் கொடுத்தான். கடைசியாக வென்றது நான்கே நான்கு எழுத்து. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் தையல்காரி. ஏழாம் வகுப்பு வரை படித்தவள். கால் அங்குலம் தப்பினாலும் துணி வீணாகிற தொழில் என்னுடையது. அதனால் இதில் வருகிற தேதியும் எண்ணிக்கையும் சரியாக இருக்கும்.

எழுத்து அவனுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரே காரணம்தான். ஒன்றாம் வகுப்பில் இடது கையால் எழுதினான் என்று வாத்தியார் அடிகோலைத் திருப்பி வைத்து விரல் முட்டியில் அடித்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை என்னோடு வருவான், உள்ளே மட்டும் வர மாட்டான். அப்பா அடித்துப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அவன் வாசலிலேயே உட்கார்ந்து எறும்பு பார்த்தான். பதினாலு வயதில் சிமெண்ட் சட்டி தூக்கப் போனான். பதினெட்டில் கொத்துக் கரண்டியைப் பிடித்தான். இடது கையில்தான் பிடித்தான். அங்கே யாரும் அடிக்கவில்லை.

பூச்சு வேலைக்காரர்களுக்குச் சுவரைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு. நன்றாகப் பிடித்த பூச்சுக்கு ஒரு சத்தம், உள்ளே காற்று நிற்கிற பூச்சுக்கு வேறொரு சத்தம். என் தம்பி அந்தப் பழக்கத்தைச் சந்தைக்கும் கொண்டு போனான். தர்பூசணி, பூசணி, முட்டைக்கோஸ், மண்சட்டி, மர ஸ்டூல் எல்லாவற்றையும் நடுவிரலை மடக்கி டொக், டொக் என்று தட்டிக் காதைச் சாய்ப்பான். சந்தையில் அவன் பெயரே டொக்டொக் அண்ணன் என்றாகிவிட்டது.

எங்கள் குடியிருப்பு முதல் மாடி. படிக்கட்டு முடிகிற இடத்தில் இடப்பக்கம் என் அறை, வலப்பக்கம் அவன் வீடு. என் தையல் மெஷின் ஜன்னலை ஒட்டி இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை எங்கள் தெருவே சந்தை. மெஷினில் உட்கார்ந்தபடியே முப்பத்தொரு கடையைப் பார்க்கலாம், கழுத்தை நீட்டினால் முப்பத்து மூன்று.

சாரத்திலிருந்து விழுந்தது போன வருஷம் ஜூன் மாதம். மூன்று மாதம் படுக்கை. பிறகு தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். காலியான தெருவில் நடக்கவிட்டால் இருபது அடியில் வியர்த்து உட்கார்ந்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குள் இறக்கிவிட்டேன். சந்தையில் யாரும் சேர்ந்தாற்போல் நடப்பதில்லை. மூன்று அடி வைப்பார்கள், நிற்பார்கள், ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பார்கள், மறுபடி மூன்று அடி. அவன் காலுக்கு அந்த நடைதான் ஒத்துக்கொண்டது. முதல் வாரம் மூன்றாவது கடையான குடை ரிப்பேர் வரை போனான். அடுத்த வாரம் தக்காளிக்காரி வரை. டிசம்பரில் கோடிக் கடை வரைக்கும் போய், அங்கே துடைப்பம் விற்கிறவரிடம் ஒரு துடைப்பம் வாங்கி வெற்றிக்கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் ஏற்கெனவே இரண்டு துடைப்பம் இருந்தது.

சந்தையில் அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் சுற்றில் எதையும் வாங்கக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவை ஒரு முறை முழுக்கப் பார்க்க வேண்டும். எந்தக் குவியல் நேற்று பறித்தது, எதன் மேல் தண்ணீர் தெளித்து இளமையாக்கியிருக்கிறார்கள், யார் நல்லதை அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பான். திரும்பி வரும்போதுதான் பையை விரிப்பான். அந்த முதல் சுற்றுக்காகவே அவன் சந்தைக்குப் போகிறான் என்று எனக்குத் தோன்றும். நான் அப்படி இல்லை. துணிக்கடையில்கூடக் கண்ணில் முதலில் பட்டதை வாங்கி, பத்தடி தள்ளி அதைவிட நல்லதைப் பார்த்து வயிறெரிகிற ஆள்.

கால் சரியானாலும் சாரம் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாரம் ஏறாத பூச்சு வேலை எங்கே இருக்கிறது? அவன் மைத்துனர் ரயிலில் பத்து மணி நேரம் தள்ளி ஒரு பெரிய நகரத்தில் குடோன் மேற்பார்வை பார்க்கிறார். உட்கார்ந்த வேலை ஒன்று காலியாக இருக்கிறது, குடோனிலேயே தங்கிக்கொள்ளலாம், வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வரலாம் என்றார். மார்ச் பத்தாம் தேதி திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். ஒரு தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் பாதி அடுக்கி இருந்தது. அவனுடைய ஒன்பது வயது மகள் அந்தப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளித் தள்ளி விடுவாள். அவன் மறுபடி வெளியே இழுத்து வைப்பான்.

இதற்கு நடுவில்தான் வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிற விடுதியின் சமையல்கார அம்மா சந்தையில் அவனைப் பிடித்தாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அந்த விடுதி. அறுபது பேர் சாப்பிடுகிற இடம்.

"டொக்டொக் அண்ணே, எங்களுக்குக் காய் வாங்கிப் போட்டுக்கிட்டிருந்த ஆளு நின்னுட்டாரு. மூட்டைக்கு மேல நல்லது, கீழ அழுகல். வார்டன் அம்மாக்கிட்ட உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன். போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழம இந்தச் சந்தை, மத்த நாள்ல மார்க்கெட். நிரந்தரமான வேல."

நிரந்தரம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலை கிடைத்தால் பெட்டியைப் பிரித்துவிடலாம். கிடைக்காவிட்டால் ரயில்.

மார்ச் ஒன்றாம் தேதி சனிக்கிழமை மாலை வார்டனைப் பார்க்கப் போனான். கண்ணாடி போட்ட, சிரித்துப் பழக்கமில்லாத அம்மா. "நாளைக்கு ஒரு நாள் வாங்கிட்டு வாங்க, பாக்கலாம். எழுதிக்குங்க" என்று ஒரு தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, தன் நோட்டைப் பார்த்து மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள். எழுதத் தெரியாது என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு சாமானுக்கு ஒரு கோடு போட்டான். மொத்தம் பத்தொன்பது கோடு.

அதில் ஒன்றும் பெரிய ஆபத்து இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். பட்டியலை ஞாபகம் வைக்க அவனுக்கு ஒரு வழி உண்டு. என்னென்ன வாங்க வேண்டுமோ அதில் ஒவ்வொரு துண்டு ஒரு தட்டில் எடுத்து வைப்பான். எத்தனை கிலோவோ அத்தனை கீறல் அதன் மேல் கத்தியால் போடுவான். காலையில் தட்டோடு எடுத்துத் தன் பழைய வேலைப் பையில் கொட்டிக்கொள்வான். ஒன்று வாங்கியதும் அந்தத் துண்டை எறிந்துவிடுவான். பை காலியானால் வேலை முடிந்தது. எங்கள் குடியிருப்பில் நான்கு வீட்டுக்கு அப்படித்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான், அந்தத் தட்டு அந்தந்த வீட்டிலேயே இருக்கும், ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்று மாலை நேராக வீட்டுக்கு வந்து, வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு தட்டை நிரப்பினான். அவன் வீட்டில் இல்லாததை என்னிடம் எடுத்தான், என்னிடமும் இல்லாததை மாடி வீட்டில் கேட்டு வாங்கினான். நான் அவசரத் தையலில் இருந்தேன், என்னென்ன என்று பார்க்கவில்லை. பத்தொன்பதும் வைத்து முடித்ததும், அடுப்புத் திண்டில் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்துப் படுத்துவிட்டான்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். என் கதவைத் தட்டினான். சுவரைத் தட்டுகிற தட்டல் இல்லை அது.

"அக்கா, தட்டு காலி."

"எந்தத் தட்டு?"

"லிஸ்ட்டு."

போய்ப் பார்த்தேன். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பில் ஒரு பாத்திரம் மூடியிருந்தது, பக்கத்தில் அவன் மகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை. ஞாயிறானால் ஐந்தேகாலுக்கே கிளம்பிவிடுவாள், அதற்கு முன்னால் சமைத்து வைத்துவிடுவாள்.

"அம்மா ரொம்ப சந்தோஷமாப் போனாங்க, அத்த" என்றாள் குழந்தை. "கல்யாணமாகி பதினோரு வருஷத்துல அப்பா இப்பதான் காய் நறுக்கி வெச்சிருக்காராம். உப்பு உள்ள எறங்கட்டும்னு கீறிக்கூட வெச்சிருந்தாராம். அதான் நெய் ஊத்திச் சமைச்சாங்களாம்."

என் தம்பி சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தான்.

"நீ என்னடி சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"உருளக்கெழங்கு. ஒரு பீட்ரூட்டு."

"கெழங்குல எத்தன கீறல் இருந்துச்சு?"

"கீறல எண்ணிட்டா சாப்பிடுவாங்க, அத்த?"

பாத்திரத்தை இறக்கி, கரண்டியால் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தட்டில் வைத்தோம். கேரட் ஏழு கீறலோடு முழுசாக இருந்தது. முட்டைக்கோஸ் மடல் இருந்தது. பூசணித் துண்டு குழைந்திருந்தாலும் தோலில் கீறல் தெரிந்தது. குழந்தை தின்ற இரண்டையும் சேர்த்துப் பதினொன்று தேறியது. மீதி எட்டு கரைந்து போனதோ, கருகிப் போனதோ, தெரியவில்லை. அவன் கரண்டியில் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சப்பினான்.

"இஞ்சி இருக்கு. பூண்டு இருக்கு. தக்காளி இருக்கு, புளிக்குது." மறுபடி ஒரு வாய். "நல்லாத்தான் பண்ணியிருக்கா, அக்கா."

"டேய், ருசி பாக்கவா எடுத்த? வார்டன்கிட்ட ஓடிப் போய் இன்னொரு தடவ கேட்டுட்டு வா."

"எழுதினது எங்கேன்னு கேப்பாங்க."

மெஷினுக்கு உறை போட்டேன். கடை போட்ட நாளிலிருந்து ஞாயிறு காலையில் மெஷினை மூடியது அன்றைக்குத்தான். இரண்டு பெரிய பையை எடுத்துக்கொண்டு அவனோடு இறங்கினேன்.

தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம், பெட்டி உடைக்கிற சத்தம், தண்ணீர் தெளித்த கீரை வாசனை. ஜன்னலிலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்த சந்தை, உள்ளே இறங்கினால் வேறு மாதிரி இருந்தது. மேலிருந்து பார்த்தால் குடைகளும் தலைகளும்தான். இறங்கினால் ஒவ்வொரு குவியலும் இடுப்பு உயரத்துக்கு வந்து நம்மைப் பார்க்கிறது. கத்தரிக்காயில் தார்ப்பாய் இடுக்கு வெளிச்சம் தெரிந்தது. மூக்குக்குக் கொத்தமல்லி, கைக்கு ஈரம், காதுக்கு நாலு பக்கமும் கூப்பாடு. பதற்றத்தில் வந்தவள் நான், ஆனாலும் ஒரு முள்ளங்கிக் கட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

"வை அக்கா. மொதச் சுத்து" என்றான்.

அன்றைக்கும் அவன் சட்டத்தை மாற்றவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தான். வழக்கமாகச் சரக்கைப் பார்க்கிறவன், அன்று ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று, யாரோ தெரிந்தவரின் பெயரை யோசிப்பது போலப் பார்த்தான். தக்காளிக் குவியலை விரலால் தொட்டான்.

"டொக்டொக் அண்ணே, தக்காளியத் தட்டாதீங்க. அது சுவர் இல்ல" என்றாள் தக்காளிக்காரி.

"தட்டலம்மா, தொட்டேன்."

"தொட்டா சரி. நீங்க தட்டினா நாளைக்கு நான் சாஸ்தான் விக்கணும். கூட யாரு, அக்காவா? ஜன்னல்லயே இருப்பாங்களே. இவங்களுக்குக் கால் இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியும்."

"உன் நாக்கு நீளம் எனக்கு ஜன்னல்லயிருந்தே தெரியும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பையைப் பிடுங்கப் பார்த்தாள். இவன் தலையாட்டினான். "பத்து கிலோ எடுத்து வை. திரும்பி வரப்போ வாங்கிக்கிறேன்."

பத்து என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கீறினது இந்தக் கைதானே. கை மறக்கல." இடது கையைக் காற்றில் வைத்து, கத்தியைப் பிடித்த மாதிரி விரலைச் சேர்த்து, சின்னச் சின்னதாகப் பத்து வெட்டு வெட்டிக் காட்டினான்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எதிரில் எலுமிச்சை வந்ததும் எலுமிச்சை, வெங்காய மூட்டையைத் தாண்டும்போது வெங்காயம். பச்சை மிளகாயைத் தாண்டிப் போய்விட்டு, நாலு கடை தள்ளி ஒரு பெண் தும்மியதும் திரும்பி வந்தான். கோடிக் கடையில் துடைப்பக்காரர் முன்னால் நின்று விரல் விட்டுக் கணக்குப் போட்டான். பதினெட்டு.

"இன்னும் ஒண்ணு" என்றான்.

இரண்டாவது சுற்றில் வாங்கினோம். பூசணிக் கடையில் ஏழு பூசணியைத் தட்டி, ஓரத்தில் கிடந்த அழுக்குப் பிடித்த ஒன்றை எடுத்தான். அவ்வளவு அழகாக இத்தனை இருக்க இது எதற்கு என்றேன். "அதுங்கல்லாம் வெளிப்பூச்சு, அக்கா" என்றான். வெங்காயத்தை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக நான் வாங்கியதற்கு வயிறெரியவில்லை. பத்தொன்பதாவது மட்டும் வரவே இல்லை. மூன்றாவது சுற்றும் போனோம். பழக்கடை, பாத்திரக் கடை, பிளாஸ்டிக் கடை. ஒன்பதரை மணிக்கு ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனோம்.

விடுதியின் பின்கட்டில் சமையலறை. வார்டன் நோட்டைப் பிரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, சமையல்கார அம்மா தராசில் போட்டு, "இருக்கு" என்றாள். நான் சுவர் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு "இருக்கு" ஆயிற்று.

"தீப்பெட்டி, ஒரு பண்டல்" என்றாள் வார்டன்.

சமையல்கார அம்மா காலிப் பைகளை உதறிப் பார்த்தாள்.

"எழுதிக்கிட்டீங்களே, லிஸ்ட்ட எடுங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தான். வார்டன் அதை ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பி மறுபக்கம் பார்த்தாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றான் என் தம்பி. "நேத்தே சொல்லியிருக்கணும். சொன்னா போகச் சொல்லிடுவீங்கன்னு கோடு போட்டேன்."

"அப்ப இந்தப் பதினெட்டும்?"

சொன்னான். தட்டு, கீறல், நெய், பீட்ரூட் எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். சமையல்கார அம்மா வெங்காய மூட்டை மேலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வார்டன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் லிஸ்ட்டக் கையிலயே பிடிச்சுக்கிட்டுப் போய் மூணு சாமான் மறந்துட்டு வருவாரு" என்றாள். "பூசணிய வெட்டு."

சமையல்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெட்டினாள். உள்ளே சிவப்பு, ஒரு இடத்தில்கூடப் பஞ்சு இல்லை. வார்டன் எட்டிப் பார்த்துவிட்டு, "தீப்பெட்டி எதிர்க்கடையில வாங்கிக்கலாம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அரை நிமிஷம்தான். வருகைப் பதிவுக்கு ஒரு கைரேகை மெஷின் வைத்திருந்தார்கள். வலது கட்டைவிரலை வைத்தான், சிவப்பு விளக்கு. இடது கட்டைவிரல், சிவப்பு. பத்து விரலையும் வரிசையாக வைத்துவிட்டான். இருபது வருஷத்துக்கு மேல் சிமெண்டில் தேய்ந்த விரல், கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"ரேகையெல்லாம் எங்கங்க போச்சு?" என்றாள் வார்டன்.

"சுவத்துல இருக்குங்க. இந்த ஊர்ல பாதிச் சுவத்துல."

அதற்கு அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனாலும் சொன்னாள். "நிர்வாகத்துல விதி இது. ரேகை விழணும், இல்லைன்னா ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். ரெண்டும் இல்லாத ஆள நான் எடுக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழம காய் கொண்டு வாங்க. அப்ப போடுங்க."

அடுத்த ஞாயிறு ஒன்பதாம் தேதி. ரயில் பத்தாம் தேதி.

சாயங்காலம் என் தம்பி மனைவி வேலையிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டு வாயில் கை வைத்தாள்.

"அய்யோ அண்ணி, தட்டுல ஒரு தீக்குச்சியும் கெடந்துச்சு. அடுப்புப் பத்த வெக்கறதுக்குன்னு அதையும் எடுத்துக் குடுத்திருக்காரு, என்ன கரிசனம்னு நெனச்சேன். அதக் கிழிச்சுத்தான் பத்த வெச்சேன்."

லிஸ்ட்டிலிருந்த நெருப்பை வைத்தே லிஸ்ட்டைச் சமைத்திருக்கிறாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள். "இனிமே நீங்க தட்டுல வெச்ச எதையும் தொட மாட்டேன்" என்றாள்.

"சோத்த?"

"அதையும்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

திங்கட்கிழமை அவன் மகள் தன் நோட்டில் அவன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். நாலு எழுத்து. வலது கையில் பேனாவைப் பிடித்து உட்கார்ந்தான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வந்தது எழுத்தில்லை, சுவரில் பல்லி ஓடிய தடம். செவ்வாய்க்கிழமை பேனாவை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து இரண்டு சட்டையை மடித்து வைத்தான்.

புதன்கிழமை மதியம் என் அறைக்கு வந்தான். நான் கருப்புத் துணியை மேஜையில் விரித்து வெட்டுக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சும்மா நிற்கிறானே என்று, தையல் சுண்ணக்கட்டியை அவனிடம் நீட்டி ஒரு முனையில் கோடு இழுக்கச் சொன்னேன். இடது கையில் வாங்கி, மூன்று முழ நீளத்துக்கு நூல் பிடித்த மாதிரி இழுத்தான்.

"இடது கையாலேயே எழுதேண்டா."

என்னை நிமிர்ந்து பார்த்தான். "எழுதலாமா?"

நாற்பத்தொரு வயது அவனுக்கு. ஒரு பழைய கருப்புத் துணியை எடுத்து அவன் முன்னால் விரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் தன் வழியில் போனான். மகள் எழுதிக் கொடுத்த தாளைச் சுவரில் ஒட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரில் நடந்தான். முதல் சுற்று. வாங்காமல் பார்ப்பது மட்டும். பிறகு சொன்னான்: "மொதல் எழுத்து தராசுக் கொக்கி. ரெண்டாவது, பூசணியப் பாதியா வெட்டிக் கவுத்து வெச்சது, பக்கத்துல ஒரு முருங்கைக்காய். மூணாவது தக்காளிக்காரி குட. கடசி, படுத்துக் கெடக்குற வெள்ளரிக்கா, மேல ஒரு மொளகு." எனக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்த எழுத்துகள்தான், அவன் சொன்ன பிறகு எனக்கும் காய்கறியாகவே தெரிந்தன. துணியில் நாலு சாமானையும் வரிசையாக வாங்கினான். உதறி, மறுபடி வாங்கினான். வியாழனும் வெள்ளியும் சுண்ணக்கட்டி, சனிக்கிழமை பேனா. நான் எண்ணிய வரை இருநூற்றுப் பதினெட்டுத் தடவை. மூன்றாவது எழுத்து மட்டும் எப்போதும் வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் நிற்கும். தக்காளிக்காரியும் கடையை அப்படித்தான் தெருவில் நீட்டிப் போடுவாள்.

அந்த வாரப் பட்டியலைச் சனிக்கிழமை மாலை வார்டன் அவனுக்கு நிதானமாகச் சொன்னாளாம், ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி. இருபத்தொரு சாமான். அன்று இரவு தட்டை என் அறையில் வைத்துப் பூட்டினோம். காலையில் ஒன்றும் விடாமல் வாங்கி, பை காலியானதைத் தலைகீழாகப் பிடித்து எனக்கு உதறிக் காட்டினான். தக்காளிக்காரி, "என்னண்ணே, இன்னிக்கு மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள். "கையெழுத்துப் போடப் போறேன்" என்றான். "அதுக்கு எதுக்கு இவ்ளோ பவுடரு?" என்று கேட்டுவிட்டு, பையில் நாலு தக்காளி கூடுதலாகப் போட்டாள்.

விடுதியில் எடை எல்லாம் சரிபார்த்ததும் வார்டன் ரிஜிஸ்டரைக் கொண்டு வந்து மேஜையில் விரித்தாள். அவன் பேனாவை இடது கையில் எடுத்தான். எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கை பாதியில் நின்றது. அவள் இடது கைக்குத் தோதாக ரிஜிஸ்டரைச் சற்றுச் சாய்த்து வைத்தாள்.

கொக்கி. பாதிப் பூசணி, முருங்கைக்காய். குடை, ஓர் அடி முன்னால். வெள்ளரிக்காய், மேலே மிளகு.

சமையல்கார அம்மா எட்டிப் பார்த்து, "இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மகள் பெட்டியைப் பிரித்துச் சட்டைகளைக் கட்டிலில் கொட்டினாள். சாயங்காலம் அவன் மனைவி வேலையிலிருந்து வந்து மைத்துனருக்குப் போன் பண்ணி, டிக்கெட்டைத் திருப்பிவிடச் சொன்னாள். அன்று இரவு நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அந்தத் தகரப் பெட்டி இப்போது என் மேஜைக்கு அடியில் இருக்கிறது, வெட்டிய துணித் துண்டுகள் போட்டு வைக்கிறேன்.

அன்று விடுதியில், கையெழுத்துக்கு எதிரே வார்டன் எழுதிய தேதியை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்: 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.